காகிதம் சுற்றிய குண்டைத் தோட்டாவில் உட்காரவைப்பது எப்படி: கருமருந்து ரைஃபிளுக்கு ஒரு முழு வழிகாட்டி

காகிதம் சுற்றிய குண்டைப் பற்றி, அதாவது உடம்பில் மெல்லிய தாள் சுற்றிய ஈயக் குண்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் காகிதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தத் தாள், எத்தனை சுற்று, எந்தச் சாய்வில் வெட்டுவது. அதெல்லாம் வேண்டியதுதான், ஆனால் ஒழுங்காகச் சுற்றிக் காயவைத்த குண்டு பாழாகிற இடம் பெரும்பாலும் கூட்டின் வாய்தான். (மருந்தையும் குண்டையும் ஏந்தும் பித்தளை உறையைத்தான் கூடு என்கிறேன்.) பித்தளை விளிம்பு தாளைச் சுரண்டும், இல்லாவிட்டால் அழுத்தும்போது தாள் சுருங்கி ஒரு மடிப்பு விழும், நமக்குத் தெரியாமலே அது குழலுக்குள் போகும், இலக்கில் ஒரு குண்டு மட்டும் எங்கேயோ தனியாக விழுந்திருக்கும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றி: குண்டை உட்காரவைப்பது, அதற்கு முன்னால் செய்யவேண்டியது, அப்புறம் பார்க்கவேண்டியது.

உதாரணத்துக்கு .45-70 தோட்டாவையே எடுத்துக்கொள்கிறேன். 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா, இன்றும் கூடும் தோட்டா கட்டும் அச்சும் எளிதாகக் கிடைக்கின்றன, ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், வின்செஸ்டர் 1885 என்று ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. உங்களுடையது .45-90 அல்லது .40-65 என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

தொடங்குமுன் இரண்டு விஷயம். ஒன்று, இங்கே சொல்வதெல்லாம் கடையில் வாங்கிய அசல் கருமருந்துக்கு (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) மட்டும். புகையற்ற மருந்தை இந்தக் கணக்கில் ஒரு கிரெயின்கூட (மருந்தை நிறுக்கும் மிகச் சிறிய அலகு) போடாதீர்கள், துப்பாக்கி சிதறும். அளவை மருந்து தயாரிப்பாளரும் ஏற்றுமுறைக் கையேடுகளும் அச்சிட்டுள்ள அட்டவணையிலிருந்து எடுங்கள். இரண்டு, இது அமெரிக்காவில் வாழ்கிற, அங்கே துப்பாக்கி வைத்திருக்கிற ஆளுக்காக எழுதியது. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா கட்ட கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும்; மாநில விதிகளைத் தனியாகப் பாருங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், ஆகவே ஊரில் இருக்கும் நண்பர்கள் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வகைக் குண்டு?

ரைஃபிள் குழலின் உட்புறத்தில் புரி வெட்டியிருக்கும். புரியில் மேடும் பள்ளமும் உண்டு. .45 ரைஃபிளில் மேட்டுக்கு மேடு அளந்தால் ஏறக்குறைய 0.450 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.458. காகிதம் சுற்றிய குண்டில் இரண்டு வகை இருப்பது இதனால்தான். காகிதத்தோடு சேர்த்து மேட்டு அளவுக்கு இருப்பது ஒரு வகை, பள்ளத்து அளவுக்கு இருப்பது இன்னொன்று. ஒரு வகைக்கு உட்காரவைக்கும் முறை மற்றதற்குச் செல்லாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

மேட்டு அளவுக் குண்டு குழலுக்குள் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் உடம்பில் பெரும்பகுதி கூட்டுக்கு வெளியே, குழலுக்குள் இருக்கும்; கூட்டுக்குள் இருப்பது எட்டில் ஒரு அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். மருந்து வெடித்ததும் மென்மையான ஈயம் பின்னாலிருந்து தட்டுப்பட்டு உப்பிப் பள்ளத்தை நிரப்பும். இந்த வகைக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான கலவை வேண்டும், பதினாறுக்கு ஒன்று அல்லது இருபதுக்கு ஒன்று. கடினமான ஈயத்தில் வார்த்தால் உப்பாது, காகிதம் புரியைப் பிடிக்காது, குண்டு கண்டபடி போகும்.

பள்ளத்து அளவுக் குண்டு குழலுக்குள் நுழையாது. அதன் மூக்கு வளைவு புரியின் தொடக்கத்தை லேசாகத் தொட்டு நிற்கும், உடம்பு கூட்டுக்குள் ஆழமாக இருக்கும். வழக்கமான அச்சுகளிலேயே ஏற்றலாம், தோட்டா பையில் கிடந்தாலும் குண்டு கழன்று விழாது, வேட்டைக்கு இதுதான் சரி. ஆனால் ஆழம் கூடக்கூட மருந்துக்கு இடம் குறையும்.

1874 செப்டம்பரில் நியூயார்க்கின் கிரீட்மூர் மைதானத்தில் 800, 900, 1000 கெஜத்தில் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி 934-க்கு 931 என்ற கணக்கில் வென்றது. அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி ஏற்றும் ரிக்பி ரைஃபிள்களோடு வந்தார்கள், அமெரிக்கர்கள் ரெமிங்டனும் ஷார்ப்ஸும் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து நீள்தூரப் போட்டியில் காகிதம் சுற்றிய குண்டுதான் ராஜா. தூரத்தில் சுடுவதுதான் உங்கள் ஆசை என்றால் மேட்டு அளவு வகையையே கற்றுக்கொள்ளுங்கள். இனி நான் முக்கியமாகச் சொல்லப்போவதும் அதைத்தான், பள்ளத்து அளவுக்கு எங்கே வித்தியாசமோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

அளக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

குழலின் மேட்டளவு 0.450 என்று நான் சொன்னதை நம்பிக் குண்டு வார்க்கும் அச்சு வாங்காதீர்கள். பழைய துப்பாக்கி என்றால் நிச்சயம் வேறுபடும், புதியதிலும் அரை தவ் ஒரு தவ் முன்னே பின்னே இருக்கும். (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் தவ் என்கிறேன், லேத் பட்டறைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.) எண்ணெய் தடவிய குழலில் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைத் தட்டி இறக்கி, மறுபக்கம் வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்தால் மேடும் பள்ளமும் தெரிந்துவிடும். வெர்னியர் காலிபரில் அளந்து ஏமாறாதீர்கள், ஒரு தவ் வித்தியாசத்தை அதில் நம்ப முடியாது.

அடுத்தது அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம். இதற்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை கிடைக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அடுப்பில் ஒரு சின்னக் கரண்டி போதும். அறைக்கு அப்பால் குழலில் ஒரு துணியை அடைத்து, உருக்கி ஊற்றி, கெட்டியானதும் தட்டி எடுத்தால் அறையின் அச்சு அசல் வார்ப்பு கையில் இருக்கும். முதலில் கொஞ்சம் சுருங்கி, பிறகு மெல்ல விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சரியான அளவு காட்டும்.

அந்த வார்ப்பில் பார்க்கவேண்டியவை இரண்டு. அறையின் நீளம் ஒன்று. அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தில் உள்ள படி இன்னொன்று. கூடு அறையைவிடக் குட்டையாக இருந்தால், கூட்டின் வாய்க்கும் அந்தப் படிக்கும் நடுவில் ஒரு வளைய இடைவெளி இருக்கும். வெடிக்கும்போது குண்டு உப்பி அந்த இடைவெளிக்குள் பிதுங்கும், படியின் விளிம்பு காகிதத்தைக் கத்தரிக்கும், ஒரு காகித வளையம் அறையிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டாவை நுழைக்கும்போது அது தடுக்கும். காகிதம் சுற்றிய குண்டுக்காரர்கள் புலம்புவதில் பாதி இந்த வளையத்தைப் பற்றித்தான். கூட்டை எவ்வளவு நீளமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நீளமாக, அறையின் நீளத்துக்குப் பத்துத் தவ் குறைவு வரை வைத்துக்கொண்டால் தொந்தரவு பெரும்பாலும் தீர்ந்தது. .45-70 கூட்டின் முழு நீளம் 2.105 அங்குலம், புதிய கூட்டை வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அதைவிடக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள், முதலில் அறையை அளங்கள்.

கூட்டின் வாய்

உங்கள் துப்பாக்கியில் ஒருமுறை சுட்ட கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது அறையின் வடிவத்துக்கு விரிந்திருக்கும், உட்புறம் 0.460-ஐ ஒட்டி இருக்கும். காகிதத்தோடு 0.450-க்கும் குறைவாக இருக்கிற குண்டை அதில் வைத்தால் கிணற்றில் விழுந்த வாளிதான், நேராக மருந்துமேல் போய் உட்காரும். எனவே வாய்ப்பகுதியை மட்டும் சுருக்கவேண்டும்.

கடையில் விற்கும் சாதாரண .45-70 அச்சு 0.458 குண்டுக்காகச் செய்தது. அதிலுள்ள விரிப்பான் முளை நமக்குப் பெரிது. ஒன்று, சிறிய முளையைக் கடைந்து வாங்கவேண்டும், அல்லது வளையம் மாற்றக்கூடிய கழுத்து அச்சு வாங்கவேண்டும். வளையத்தின் அளவைக் கணக்கிடுவது சுலபம்: வாயின் பித்தளைக் கனத்தை அளந்து, அதை இரண்டால் பெருக்கி, காகிதம் சுற்றிய குண்டின் விட்டத்தோடு கூட்டுங்கள். பித்தளை பத்துத் தவ், குண்டு 0.450 என்றால் 0.470. பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும் என்பதால் ஒரு தவ் கீழேயும் மேலேயும் வளையம் வைத்திருப்பது நல்லது.

எவ்வளவு இறுக்கம்? இரண்டு விரலால் தள்ளினால் குண்டு உள்ளே போகவேண்டும், தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்டினால் விழக்கூடாது. அவ்வளவுதான். கூட்டின் வேலை துப்பாக்கிக் கட்டை (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பகுதி) மூடும்வரை குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது. மூடிய பிறகு குண்டைத் தாங்குவது குழல்தான், அதை நடுவில் நிறுத்துவதும் குழல்தான். இதனால்தான் வாய் அறைக்குள் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் இந்த வகைக் குண்டு நேராகப் போகிறது. கழுத்தை இறுக்கினால் துல்லியம் கூடும் என்று வேறு தோட்டாக்களில் பழகியவர்கள் நினைப்பார்கள். இங்கே இறுக்கம் காகிதத்தைக் கிழிப்பதற்குத்தான் உதவும்.

எல்லாக் கூட்டிலும் இறுக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது மட்டும் முக்கியம். திரும்பத் திரும்பச் சுட்டுச் சுருக்கிய பித்தளை விறைத்துப்போகும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். வாயை மட்டும் சூடாக்கி இளக்குவது இதற்கு மருந்து. அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது, அடி இளகிய கூடு அழுத்தம் தாங்காது. விரலால் கூட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு வாயைச் சுடரில் சுழற்றி, விரல் சுட்டதும் போட்டுவிடுவது பழைய முறை.

அப்புறம் விளிம்பு. நீளம் சமன்செய்து வெட்டிய கூட்டின் வாயை உள்ளே சீவும் கருவியால் லேசாகச் சீவுங்கள். அதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். சீவிய இடத்தில் கத்திபோல ஒரு கூர்மை இருக்கும், விரல் நுனியை வைத்து மெதுவாகச் சுற்றினால் தெரியும். மிக நுண்ணிய எஃகுக் கம்பளியை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டுச் சில சுற்று சுழற்றினால் அது மழுங்கிப் பளபளப்பாகும். பஞ்சை உள்ளே விட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஒரு இழைகூட மாட்டாமல் வந்தால் காகிதமும் மாட்டாது. கடைசியாக வாயை இரண்டு மூன்று தவ் மட்டும் விரிக்கவும். லைமன் நிறுவனம் செய்யும் இரண்டு படி விரிப்பான் போன்ற ஒன்று, சரியான விட்டத்தில் கிடைத்தால், இதற்கு வசதி. கண்ணுக்குப் புனல் மாதிரித் தெரியுமளவு விரித்தால் அதிகம்.

சுற்றியது சரியா என்று பார்ப்பது

சுற்றுவது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வெங்காயத்தோல் (ஆனியன் ஸ்கின்) என்று விற்கும் பருத்தி கலந்த மெல்லிய தாள் அல்லது முழுப் பருத்தித் தாள். சரியாக இரண்டு சுற்று. சாய்வாக வெட்டிய இரண்டு முனைகளும் மயிரிழை இடைவெளியோடு நிற்கவேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் அந்த ஒரு கோட்டில் மட்டும் கனம் கூடிக் குண்டு ஒருபக்கம் சாயும். இரண்டு சுற்று என்றால் விட்டத்தில் நான்கு தாளின் கனம் சேரும். தாள் 0.0018, வெற்றுக் குண்டு 0.442 என்றால், சுற்றியது 0.4492. 0.450 குழலுக்கு இது வழுக்கிக்கொண்டு போகும்.

ஈரத்தாளால் சுற்றிய குண்டைக் காயும்முன் ஏற்றாதீர்கள். ஈரத்தில் தாள் நீண்டிருக்கும், காயும்போது சுருங்கிக் குண்டை இறுகப் பிடிக்கும். அது நடந்து முடியவேண்டும். அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம், ஒரு இரவு விட்டால் போதும். காய்ந்தபின் அடியைப் பாருங்கள். மடித்த தாள் தட்டையாகப் படிந்திருக்கவேண்டும். அடியில் முடிச்சு மாதிரி முறுக்கு துருத்திக்கொண்டிருந்தால், அது தக்கைமேல் (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தட்டு) சாய்வாக உட்காரும், எவ்வளவு கவனமாக இறக்கினாலும் குண்டு நேராக நிற்காது.

குழலின் வாய்ப்பக்கம் அதை வைத்துத் தள்ளிப் பார்ப்பது நல்ல சோதனை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, துடைத்த குழலில் குண்டின் அடியை முதலில் விடுங்கள். விரல் அழுத்தத்தில் மெதுவாக, மெல்லிய உராய்வோடு போனால் சரி. தொபுக்கென்று விழுந்தால் சிறிது, தாள் சுருண்டு விளிம்பில் நின்றால் பெரிது.

ஆழக் கணக்கு

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். கருமருந்துத் தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கவே கூடாது. இடைவெளி இருந்தால் குழலில் வளைய வீக்கம் வரும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். ஆகவே குண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது நாம் இறக்கும்போது முடிவு செய்கிற விஷயமே இல்லை. கீழே மருந்தும் தக்கையும் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ அதுதான் ஆழம். குண்டு தக்கைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே.

அதனால் கணக்கை வாயிலிருந்து கீழ்நோக்கிப் போடுங்கள். குண்டு கூட்டுக்குள் 0.125 அங்குலம் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தக்கை 0.060 கனம். இரண்டையும் கூட்டினால் 0.185. அமுக்கிய மருந்தின் மேல்மட்டம் கூட்டின் வாயிலிருந்து 0.185 கீழே நிற்கவேண்டும். காலிபரின் பின்பக்க ஊசியை உள்ளே விட்டு இதை அளக்கலாம்.

இப்போது மருந்து. எடைபோட்டு, இரண்டடி நீளமுள்ள குழாய் வழியாக மெதுவாக ஊற்றினால் மணிகள் நெருக்கமாகப் படியும், அளவு தானாகச் சற்றுக் கீழே போகும். அதற்குமேல் எவ்வளவு அமுக்குவது என்பது மருந்தைப் பொறுத்தது. சுவிஸ் என்ற பெயரில் விற்கும் மருந்து பொதுவாகக் கொஞ்சம் அமுக்கினாலே போதும் என்பார்கள், கோயெக்ஸ் என்ற மருந்து அதிக அமுக்கத்தைக் கேட்கும். அட்டவணை சொல்லும் அளவில் 0.185-ஐ எட்ட முடியாவிட்டால் மருந்தைத்தான் மாற்றவேண்டும். மருந்து குறைந்து மட்டம் கீழே நின்றால் கூடுதல் தக்கை போட்டு நிரப்புங்கள், இடைவெளி மட்டும் வேண்டாம்.

அமுக்குவதற்குத் தனி அச்சு இருக்கிறது, அதில்தான் செய்யவேண்டும். தக்கையை வைத்து, அமுக்கும் அச்சின் தண்டால் மெதுவாக, ஒரே சீராக இறக்குங்கள். குண்டையே வைத்து மருந்தை அமுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பதினாறுக்கு ஒன்று ஈயம் எவ்வளவு மென்மை என்று தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். மூக்கு நசுங்கும், உடம்பு உப்பும், தாள் மடியும், மூன்றும் ஒரே இழுப்பில். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஏற்கெனவே பொருத்திய கூட்டைத்தான் அமுக்குகிறோம் என்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள், நெம்புகோலை வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

தக்கைக்கு மேல் மெழுகு வைப்பதா என்று கேட்பார்கள். காகிதம் சுற்றிய குண்டில் மசகு தடவும் வரிப்பள்ளம் கிடையாது, ஆகவே குழலில் படியும் கசட்டை இளக்க ஏதாவது வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி தோட்டாவில் 85 கிரெயின் மருந்து, அதற்குமேல் தேன்மெழுகு வில்லை, அதற்குமேல் 480 கிரெயின் காகிதக் குண்டு என்று இருந்தது. அதே மாதிரி இரண்டு தக்கைக்கு நடுவில் மெழுகும் கொழுப்பும் கலந்த வில்லை ஒன்றை வைக்கலாம். வைத்தால் அதன் கனத்தையும் இரண்டாவது தக்கையின் கனத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சுடுவதற்கு இடையில் குழலைத் துடைக்கப்போகிறீர்கள் என்றால் வில்லை அவசியமில்லை என்பது என் கருத்து. கோடை வெயிலில் காரில் கிடந்த தோட்டாவில் கொழுப்பு இளகிக் கீழே மருந்தில் ஊறுவதைவிட, இல்லாமலிருப்பதே மேல்.

எதுவாக இருந்தாலும், மேல் தக்கைக்கும் குண்டின் அடிக்கும் நடுவில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு மெல்லிய வட்டத்தை வையுங்கள். தக்கை குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டே பறந்தால் குண்டு தள்ளாடும். இந்தக் காசில்லாத வட்டம் அதைத் தடுக்கும்.

இப்போது உட்காரவைப்பது

மேசையைத் துடையுங்கள். கையில் எண்ணெய், மெழுகு இருந்தால் கழுவிவிட்டு வாருங்கள். கூட்டை மேசைமேல் நிமிர்த்தி வைத்து இடது கை விரல்களால் வாய்க்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். வலது கையில் குண்டை மூக்குப்பக்கமாக, தாள் முடிந்து ஈயம் தெரிகிற இடத்துக்கு மேலே பிடியுங்கள். தாளைப் பிடித்துத் தள்ளாதீர்கள்.

குண்டின் அடியை வாயில் வைத்து, முதலில் அழுத்தாமல் நேராக நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து ஒருமுறை, கூட்டைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறை பாருங்கள். லேசாக விரித்த வாய் அடியை ஏந்திக்கொண்டிருக்கும். பிறகு தாள் சுற்றிய திசையிலேயே குண்டை மெல்லத் திருகிக்கொண்டே கீழே அழுத்துங்கள். எதிர்த்திசையில் திருகினால் தாளின் வெளி முனை பித்தளையில் மாட்டித் தூக்கிக்கொள்ளும். எந்தத் திசையில் சுற்றினோம் என்று குழப்பமாக இருந்தால் வெளி முனையின் சாய்வுக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள்: வழவழவென்று போகிற திசையும், நகத்தில் மாட்டுகிற திசையும் உடனே தெரியும்.

உள்ளே போகும்போது உராய்வு சீராக இருக்கவேண்டும். நடுவில் திடீரென்று இறுகினால் தள்ளாதீர்கள், வெளியே எடுங்கள். தாளின் அடி விளிம்பில் வெள்ளையாகச் சுரண்டிய கோடு இருந்தால் வாய் இன்னும் கூர்மை. சுற்றிவர ஒரு சின்ன வரப்பு மாதிரித் தாள் திரண்டிருந்தால் வாய் இறுக்கம். அந்தக் குண்டை ஒதுக்குங்கள், தாளைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொள்ளலாம். தக்கையைத் தொட்டதும் விரலுக்குத் தெரியும், மெத்தென்று நிற்கும். அங்கே ஒரு சிறு அழுத்தம் கொடுத்து நிறுத்துங்கள்.

அச்சில் வைத்து இறக்க வேண்டுமானால் கூட்டின் வாயை மடிக்கும் பகுதி வேலை செய்யாதபடி அச்சை உயர்த்தி வையுங்கள், குண்டின் மூக்கு வடிவத்துக்குப் பொருந்தும் தண்டு வேண்டும். பள்ளத்து அளவுக் குண்டுக்கு இது தேவைப்படும், ஆழம் அதிகம் என்பதால் விரல் போதாது. மேட்டு அளவுக்கு விரலைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை, இறுக்கத்தில் உள்ள ஒரு தவ் வித்தியாசத்தை நெம்புகோல் மறைத்துவிடும், விரல் மறைக்காது. வாயை மடித்துப் பிடிக்கவைப்பது இரண்டு வகைக்குமே வேண்டாம். விரித்த வாய் அறையில் தட்டினால் மட்டும், அந்த விரிவு நேராகும் அளவுக்கு அச்சால் தொட்டு எடுங்கள்.

மொத்தமாக ஏற்றுமுன், பிரைமரும் மருந்தும் இல்லாத கூட்டில், அதே உயரத்துக்குத் தக்கைகளை அடுக்கி, ஒரு போலித் தோட்டா செய்துகொள்ளுங்கள். அதை அறையில் விட்டுக் கட்டைவிரலால் தள்ளுங்கள். கடைசிக் கொஞ்சம் தூரத்தில் குண்டு குழலுக்குள் நுழையும் உராய்வு தெரியும், ஆனால் விரலாலேயே முழுதாகப் போய்விடவேண்டும். துப்பாக்கிக் கட்டையை மூடும் வேகத்தில் தோட்டாவைத் தள்ளி உள்ளே நுழைக்கவேண்டிவந்தால் குண்டு பெரிது, அல்லது நீளம் கூடுதல். வெளியே எடுத்துத் தாளைப் பாருங்கள். பள்ளத்து அளவுக் குண்டில் மூக்கு வளைவருகே புரி மேட்டின் மங்கலான தடங்கள் சம இடைவெளியில் தெரிந்தால் நீளம் சரி. தடம் ஆழமாக வெட்டியிருந்தால் கொஞ்சம் உள்ளே இறக்குங்கள்.

மைதானத்தில்

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழலை ஈரத் துணியால் ஒருமுறை, உலர் துணியால் ஒருமுறை துடைக்கவேண்டும். ஊதுகுழாயில் மூச்சை ஊதிக் கசட்டை இளக்கும் வழக்கம் மசகுக் குண்டுக்காரர்களுக்குச் சரிப்படும், மேட்டு அளவுக் காகிதக் குண்டுக்குப் பற்றாது, அடுத்த தோட்டா நுழையவே நுழையாது. அறையில் ஈரம் தேங்கவிடாதீர்கள், நனைந்த தாள் முதல் அழுத்தத்திலேயே கிழியும்.

ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் எடுக்கவேண்டி வந்தால் கவனம். விரல் இறுக்கத்தில் நிற்கும் குண்டு குழலிலேயே தங்கிவிடும், கூடு மட்டும் வெளியே வரும், மருந்து துப்பாக்கியின் உள்ளே கொட்டும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டே கூட்டை எடுத்து, கொட்டிய மருந்தைச் சுத்தம் செய்து, அதன் பிறகு வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியால் குண்டைத் தள்ளி எடுங்கள். வேட்டைக்கு மேட்டு அளவு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சுட்டபின் குழல் வாய்க்கு முன்னால் தரையில் கிடக்கும் தாள் துணுக்குகளைப் பொறுக்குங்கள். இலக்கு சொல்லாததை அவை சொல்லும். புரியின் மேடு வெட்டிய நேர்க்கோடுகளோடு, சின்னச் சின்ன நாடாக்களாகக் கிடந்தால் எல்லாம் ஒழுங்கு. உள்ளங்கை அளவுக்கு நீளமாக, கிழியாமல் முழுத்தாளும் கிடந்தால் குண்டு உப்பவில்லை அல்லது விட்டம் போதவில்லை. ஓரம் கருகியிருந்தால் பின்னாலிருந்து வாயு தப்பியிருக்கிறது, தக்கையைப் பாருங்கள், தடிமனானதோ விட்டம் சற்றுப் பெரியதோ தேவைப்படலாம். துணுக்கே கிடைக்கவில்லை, அறையில் வளையம் தங்குகிறது என்றால் கூட்டின் நீளத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரே நேரத்தில் தாளையும் தக்கையையும் மருந்தையும் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடாதீர்கள். ஒன்றை மாற்றி, ஐந்தாறு சுட்டு, துணுக்கைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

மிஞ்சிய தோட்டாக்களைப் பெட்டியில் மூக்கு மேலே பார்க்கும்படி, ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். காலிக் கூடுகளைப் பிரைமர் நீக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அன்றைக்கே போட்டுவிடுங்கள். கருமருந்துக் கசடு ஒரு இரவிலேயே பித்தளையை அரிக்கத் தொடங்கும், அதிலும் முதலில் சொரசொரப்பாவது நாம் பாடுபட்டு மெருகேற்றிய வாய்தான்.